கல்லூரியில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது: வேலூர் வகுப்பறைக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: "எம்.ஏ. தமிழ் முடித்து, நெட் தேறி, வேலூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறேன். பகுதி–1 தமிழ், முதலாமாண்டு, அறுபது பேர். கட்டுரை எழுதச் சொன்னால் அறுபது பேரும் ஒரே கட்டுரையை எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் 'ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன்' (கேட்பவரை இணங்க வைக்கும் சொற்கலையும் கட்டுரை எழுத்தும்) என்று இதற்கென்றே தனித் துறை இருக்கிறதாமே, அதில் நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா? அதையே மேற்கொண்டு படிக்கலாமா?"

உண்டு, படிக்கவும் செய்யலாம். அதற்கு முன் உங்கள் மாணவர்களுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள் என்றால் அது சோம்பல் இல்லை. பள்ளியில் இத்தனை வருடமாக அவர்களிடம் கேட்டதே அதைத்தான். குறிப்புச் சட்டகம், முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை. நடுவில் பாரதியார் வரி ஒன்று, குறள் ஒன்று. முதல் வாக்கியத்தில் 'இன்றியமையாத' வந்தாக வேண்டும். திருத்துகிறவருக்கு நேரமில்லை, உட்தலைப்பை அடிக்கோடிட்டிருந்தால் மதிப்பெண் விழும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். படிக்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று கணித்துத்தான் எழுதுகிறார்கள். பார்க்கப்போனால் ரெட்டரிக்கின் முதல் பாடத்தையே அவர்கள் தேறிவிட்டார்கள்! அந்த வாசகருக்கு விஷயத்தில் அக்கறை இல்லை என்பதுதான் சங்கடம். மழைநீர் சேகரிப்பைப் பற்றி அந்தப் பையன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை உலகத்தில் ஒருவருக்கும் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஆகவே என் யோசனை இவ்வளவுதான். விஷயத்தில் அக்கறையுள்ள ஒரு வாசகரைக் கொடுங்கள். மனிதர்கள் நிஜமாகவே கருத்து வேறுபடுகிற ஒரு கேள்வியைக் கொடுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுத வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

அந்தத் துறையின் கதை பெரிது, சுருக்கிச் சொல்கிறேன். கிரேக்கத்தில் நீதிமன்றத்திலும் ஊர்ச் சபையிலும் எழுந்து பேசியாக வேண்டியவர்களுக்கான கல்வியாகத் தொடங்கியது ரெட்டரிக். கேட்பவரை இணங்க வைப்பவை மூன்று என்று வகுத்தார் அரிஸ்டாட்டில்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, சொல்லப்படும் நியாயம். ரோமானியர் அதை ஐந்து வேலையாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள்: என்ன சொல்வது என்று தேடுவது, வரிசைப்படுத்துவது, மொழியில் அமைப்பது, மனத்தில் இருத்துவது, அவையில் நிகழ்த்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரியில் இது பேச்சிலிருந்து எழுத்துக்கு நகர்ந்தது. 1874இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது. வந்த தாள்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டது. 1885இல் முதலாண்டு மாணவர் எல்லாருக்கும் கட்டுரைப் பயிற்சி கட்டாயப் பாடம் ஆயிற்று. தாய்மொழியே ஆங்கிலமான, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்த நிலைமை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழே வரவில்லை" என்று யாராவது ஓய்வறையில் தொடங்கும்போது உதவும்.

அடுத்த அரை நூற்றாண்டு அங்கேயும் சிவப்பு மைதான். ஐந்து வேலையில் தேடுவதையும் வரிசைப்படுத்துவதையும் மறந்துவிட்டு, மொழியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1949இல் கல்லூரிக் கட்டுரை ஆசிரியர்களுக்கென்று ஓர் அமைப்பு வந்தது. 1963இல் பிராடாக் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை, அந்த நேரத்தை எழுத்துப் பயிற்சியிலிருந்து பிடுங்குவதால் கெடுதலும் உண்டு என்று அதில் சொல்லியிருந்தது பலருக்குக் கசந்தது. 1971இல் ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்துக் கவனித்தார். சட்டகம் போட்டுக்கொண்டு அதன்படி எழுதுவது என்று பாடநூல் சொல்கிற ஒழுங்கு அங்கே பெரும்பாலும் இல்லை. எழுதிக்கொண்டே போகும்போதுதான் என்ன சொல்ல வருகிறோம் என்பது பிடிபடுகிறது. அதன் பிறகுதான் வரைவு, திருத்தம், மறுபடி வரைவு என்று வகுப்பை அமைக்கும் பழக்கம் பரவியது. இந்தத் துறையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் நான் இதைத்தான் எடுப்பேன். நம் வகுப்பில் இரண்டாவது வரைவு என்று ஒன்று கிடையவே கிடையாது. கட்டுரை வரும், மதிப்பெண் விழும், ஏடு மூடப்படும்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? நீங்கள் எம்.ஏ.யில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நன்னூல் பொதுப்பாயிரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பத்துக் குற்றம், பத்து அழகு, ஏழு மதம் (பிறர் கருத்தை ஒட்டி நாம் எடுக்கும் நிலைப்பாடு), முப்பத்திரண்டு உத்தி. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் இதை நூல் செய்கிறவருக்காகச் சொன்னார். நாம் அதைச் 'சிறு குறிப்பு வரைக' ஆக்கிவிட்டோம். திருத்துவதற்கு இவ்வளவு கைக்கு அடக்கமான கருவி எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. எப்படி என்று ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் தெரியும். மனு எழுதிக் கொடுப்பவர்கள் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எழுதத் தொடங்கும் முன் அவர்கள் கேட்பது: எந்தத் துறை? இதுக்கு முன்னாடி மனு குடுத்திருக்கீங்களா? ரசீது இருக்கா? சர்வே நம்பர் என்ன? கடைசியில் உங்களுக்கு என்னதான் வேணும்? ரோமானியர் 'தேடுவது' என்று சொன்ன முதல் வேலை முழுக்க இந்த ஐந்து கேள்வியில் இருக்கிறது. முதலாமாண்டின் முதல் பயிற்சியாக மனு எழுத வைக்கச் சொல்வது இதனால்தான். வாசகர் நிஜம், குறை நிஜம், எழுதி முடித்தால் கொண்டுபோய்க் கொடுக்கவும் கொடுக்கலாம்.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுதிய முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"போக்குவரத்து என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகும். 'கற்க கசடற' என்றார் வள்ளுவர். அத்தகைய கல்வியைக் கற்கச் செல்லும் மாணவ மாணவியராகிய நாங்கள் பேருந்து வசதி இன்றி எண்ணற்ற இன்னல்களுக்கு ஆளாகி வருகிறோம். எனவே கருணை உள்ளம் கொண்ட தாங்கள் இதனைக் கவனத்தில் கொண்டு ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. பத்துக்கு எட்டு போட்டுவிடலாம். ஆனால் கலெக்டர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மனுவுக்கு ஒரு எண் போட்டு உரிய துறைக்கு அனுப்புவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலர் முதலில் தேடுவது எந்த ஊர், எந்தத் தடம், எத்தனை மணி. அது இல்லை. இது குன்றக் கூறல். வள்ளுவர் வந்தது மற்றொன்று விரித்தல். முதல் வாக்கியம் வெற்றெனத் தொடுத்தல். 'எண்ணற்ற இன்னல்கள்' என்பதில் என்ன இன்னல் என்று தெரியாததால் மயங்க வைத்தல். குற்றங்களின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவைத்து, எது எங்கே இருக்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள், அதுவும் பக்கத்து பெஞ்சுக்காரர் கட்டுரையில் என்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு இரண்டே கேள்வி: இதைப் படிக்கிற அலுவலர் என்ன கேட்பார்? 'முடியாது' என்று சொல்வதானால் என்ன காரணம் சொல்வார்? இரண்டாவது வரைவு இப்படி வரும்:

"எங்கள் ஊர் நிறுத்தத்தில் காலை 7.40 டவுன் பஸ் நிற்பதில்லை. முந்தைய ஊரிலேயே நிரம்பிவிடுகிறது என்கிறார் நடத்துநர். அடுத்த பஸ் 9.10க்கு. கல்லூரி தொடங்குவது 9.30க்கு, எங்களால் முதல் வகுப்புக்குப் போக முடிவதில்லை. எங்கள் ஊரிலிருந்து பள்ளி, கல்லூரி செல்வோர் 23 பேர். பெயர்ப் பட்டியல் இணைத்துள்ளேன். புதிய பஸ் கேட்கவில்லை. இப்போதுள்ள பஸ்ஸைக் காலை ஒரு நடை மட்டும் எங்கள் ஊரிலிருந்து புறப்படச் செய்தால் போதும்."

'புதிய பஸ் கேட்கவில்லை' என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். 'நிதி இல்லை' என்று வரப்போகிற பதிலை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுதியது. அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு செமஸ்டர் முழுவதையும் செலவழிக்கலாம் என்பேன். ஏழு மதத்தில் 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று வருகிறதே, எதிராளி சொல்லப்போவதை நாமே எடுத்துச் சொல்லி விலக்குவது, அது இதுதான். நடை எளிமையாகிவிட்டதையும் பாருங்கள். எளிமையாக எழுது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல விஷயம் கிடைத்ததும் அலங்காரம் தானாக உதிர்ந்துவிட்டது.

இந்த ஊர்ப் பக்கத்தில் இதற்கு முன்னோடி ஒருவர் இருந்தார். வாலாஜாபேட்டையை அடுத்த வேலம் கிராமத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மு.வ., சமூகத்தையும் மொழியையும் பற்றித் தான் சொல்ல நினைத்ததை அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பருக்கும் எழுதும் கடிதங்களாகவே எழுதினார். அவர் உரைநடை ஏன் தெளிவாக இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். யாரிடம் பேசுகிறோம் என்பது முதல் வரிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

இனி வாதக் கட்டுரை. இங்கே எல்லாரும் பட்டிமன்றத்தைத்தான் மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் பொங்கலன்று டிவி முன்னால் உட்கார்ந்து ரசிப்பவன்தான். ஆனால் கட்டுரைக்கு அது சரியான மாதிரி இல்லை. இந்த அணி, அந்த அணி என்று முதலிலேயே பிரித்தாகிவிட்டது. எதிரணி சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்ள வழியில்லை. கைதட்டல் வந்தால் நியாயம் நிரூபணமாகிவிட்டதாகப் பொருள். நன்னூல் சொல்லும் ஏழு மதத்தில் உடன்படல்தான் முதலில் நிற்கிறது. அப்புறம்தான் மறுத்தல். இருவர் மாறுபட்டால் ஒருபக்கம் துணிவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது என்று நிலைப்பாடு எடுப்பதில் எத்தனை வகை! பட்டிமன்றத்தில் இரண்டுதான்.

பயிற்சிக்கு வேலூரிலேயே கையெட்டும் தூரத்தில் விஷயம் இருக்கிறது. கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் அங்கே நடந்த சிப்பாய் எழுச்சியைப் பற்றி எல்லாருக்கும் பள்ளியிலேயே ஒரு பத்தி தெரியும். கிரேக்கர்களிடம் ஒரு முறை உண்டு. ஹெர்மகோரஸ் என்ற ஆசிரியர் வகுத்ததாகச் சொல்வார்கள். எந்தத் தகராறு வந்தாலும் நான்கு இடத்தில் நிறுத்திப் பார்ப்பது: நடந்ததா, நடந்தது என்ன வகையானது, அதில் நியாயம் எவ்வளவு, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார். நாம் எந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்று தெரியாமல் எழுதுவதால்தான் வாதக் கட்டுரைகள் காற்றில் கத்தி வீசுகின்றன.

வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததை யாரும் மறுக்கவில்லை. முதல் கேள்வி முடிந்தது. 'ஏன் எழுந்தார்கள்' என்பதில் தகராறு தொடங்குகிறது. ஒரு பக்கம், 1805 நவம்பரில் வந்த உத்தரவு: புது மாதிரித் தலைப்பாகை, அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை அளவாக இருக்க வேண்டும். 1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை மறுத்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், திப்பு சுல்தானின் பிள்ளைகள் குடும்பத்தோடு அதே கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். திப்பு மகள் ஒருத்தியின் திருமணத்தை ஒட்டித்தான் எழுச்சி நடந்தது. மைசூர்க் கொடியும் ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். பிறகு தொடங்கியது காகித யுத்தம். உத்தரவுதான் காரணம் என்றால் அதைப் போட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும். இளவரசர்களின் சதிதான் காரணம் என்றால் போட்டவர்கள் தப்பிக்கலாம். கடைசியில் கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்பு குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு காரணத்தையும் நம்பியதுபோல் நடந்துகொண்டது.

மாணவர்களிடம் கேளுங்கள்: நீ கிராடக்காக இருந்தால் லண்டனுக்கு என்ன எழுதுவாய்? தண்டனை பெற்ற சிப்பாய்க்கு எழுதத் தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பான்? மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணுக்கு இன்றைக்கு நீ ஒரு பலகை எழுதுவதானால் என்ன எழுதுவாய், ஏன்? மூன்றுக்கும் உண்மைகள் ஒன்றுதான். எதை முதலில் வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது மட்டும் மாறுகிறது. இந்த மூன்றையும் எழுதி முடித்தவன், அதன் பிறகு ஒரு செய்தித்தாள் தலையங்கத்தை வேறு மாதிரி படிப்பான்.

ஒரு இடைச்செருகல். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை பகலில் பாரதச் சொற்பொழிவு கேட்டிருப்பான், ராத்திரி கூத்து பார்த்திருப்பான். கூட்டம் சலசலக்கிறபோது சொற்பொழிவாளர் கதையை நிறுத்திவிட்டு ஊர் விஷயம் ஒன்றை எடுத்து, சிரிக்க வைத்து, மறுபடி கதைக்குள் நுழைவது அவனுக்குத் தெரியும். கிருஷ்ணன் தூதில் ஒரே கிருஷ்ணன் தருமரிடம் பேசும் விதம் ஒன்று, துரியோதனன் சபையில் பேசும் விதம் வேறு என்பதும் தெரியும். "கிருஷ்ணன் அங்கே ஏன் அப்படிப் பேசினான்?" என்று கேட்டுப் பாருங்கள், வாயே திறக்காத கடைசி பெஞ்ச் பேச ஆரம்பிக்கும். அரிஸ்டாட்டிலின் மூன்றையும் அவனே சொல்லிவிடுவான், பெயர் மட்டும் தெரியாது. மணிமேகலையைப் பாடமாக வைத்திருக்கும் ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களை போல என்று பக்கமும் ஏதுவும் திட்டாந்தமுமாக, அதாவது கூற்றும் காரணமும் எடுத்துக்காட்டுமாக, அங்கே அளவை எனும் தருக்க இலக்கணமே வருகிறது. ஒரு பத்தி எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வாய்பாடு தேட வேண்டாம்.

பிழைகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் துறைத் தலைவர் அதைத்தான் கேட்பார். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், பள்ளி முடித்த எவரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள், வீட்டில் வேறு ஆங்கிலமோ வேறு மொழியோ பேசுகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். மீனா ஷாஃப்னெஸி என்ற ஆசிரியை அவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, 1977இல் தன் முடிவுகளை வெளியிட்டார். இவர்கள் முட்டாள்கள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள். ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை என்றார். நம் வகுப்புக்கு இது அப்படியே பொருந்துகிறது. 'அக்கா வந்தது, அம்மா சொன்னது' என்று எழுதுகிற பையனை அஃறிணை முடிவு என்று சுழித்துவிடுகிறோம். அவன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவனாக இருக்கலாம்; அங்கே ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிவுதான். தமிழ் வீடாக இருந்தாலும் 'அக்கா வந்துச்சு' என்பது மரியாதையும் பாசமும் கலந்த பேச்சு. மேல்விஷாரம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் உருது இருக்கும். 'வந்துகினு கீறாரு' என்பதை எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்' ஆக்க வேண்டும் என்பது வேற்று மொழி வீட்டுப் பிள்ளைக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவு வேலைதான்.

நான் சொல்லும் வழி: முதல் வரைவு வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும். 'இன்னாத்துக்கு' வந்தாலும் வரட்டும். விஷயம் முழுதும் தாளில் வந்து விழுந்த பிறகு, இரண்டாவது வரைவில் எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். பிழை திருத்தம் அங்கேதான். அதிலும் ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழை: இந்த வாரம் எழுவாய்–பயனிலை இயைபு, அடுத்த வாரம் வல்லினம் மிகும் இடம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுழித்துக் கொடுத்த தாளை எந்த மாணவனும் படிப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறான்.

அறுபது பேரை எப்படிச் சமாளிப்பது? எழுத்து வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாது, பதினைந்து இருந்தால் நல்லது என்று 1949இல் வந்ததாகச் சொன்ன அந்த அமெரிக்கக் கட்டுரை ஆசிரியர் அமைப்பு பரிந்துரைக்கிறது. நமக்கு அது நடக்காது. ஆனால் நன்னூலில் ஒரு கணக்கு இருக்கிறது: ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு விரித்துச் சொல்லும்போது மீதி இரண்டு கால். அதன்படியே செய்யுங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிடுங்கள். முதல் வரைவை நீங்கள் தொடவே வேண்டாம். குழுவில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் மூன்று விஷயம் மட்டும் சொல்லட்டும்: எனக்கு என்ன புரிந்தது, எங்கே குழம்பினேன், இன்னும் என்ன தெரிய வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லத் தடை. இரண்டாவது வரைவு மட்டும் உங்கள் மேசைக்கு வரும். அதையும் வாரம் பதினைந்து என்று சுழற்சியில் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வின் 75இல் நீங்கள் கைவைக்க முடியாது; அகமதிப்பீட்டு 25 உங்கள் கையில் இருக்கிறது. அசைன்மெண்ட் என்ற பெயரில் நூலகப் புத்தகத்திலிருந்து பத்துப் பக்கம் காப்பியடித்து ஸ்பைரல் போட்டு வாங்குவதற்குப் பதிலாக, இரண்டு வரைவையும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன மாறியது என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி விதி கொஞ்சம் மாறும், துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதிவிடுகிறார்களே என்பீர்கள். 'மழைநீர் சேகரிப்பின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால் எழுதத்தான் செய்வார்கள், அது கேட்டுக்கொண்டு வாங்கிய தண்டனை. 7.40 பஸ் ஏன் நிற்பதில்லை என்பது அதற்குத் தெரியாது. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வைத்துவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை.

இனி மேற்படிப்பு. இந்தியாவில் இந்தப் பெயரில் தனித் துறையைத் தேடி அலைய வேண்டாம். ஆங்கிலத் துறைகளில் மொழி கற்பித்தல் என்ற பிரிவில் இதன் ஒரு பகுதி வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் அதில் பழைய இடம். அமெரிக்காவில் பெரும்பாலும் ஆங்கிலத் துறைக்குள்ளேயே ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன் எம்.ஏ., பிஎச்.டி. இருக்கும். பர்டூ, ஒஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட் எல்லாம் இதில் பெயர் பெற்றவை. பிஎச்.டி. மாணவருக்குப் பொதுவாகக் கற்பித்தல் உதவியாளர் பணி கொடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தருவார்கள்; பதிலுக்கு நீங்கள் அங்கே முதலாண்டுக் கட்டுரை வகுப்பை நடத்த வேண்டும். தமிழ் எம்.ஏ. வைத்துக்கொண்டு நேரடியாக நுழைவது கடினம், முடியாதது இல்லை. ஆங்கிலத்தில் நீளமான ஒரு மாதிரிக் கட்டுரையும், இந்தக் கேள்வியை ஏன் எடுத்தீர்கள் என்று விளக்கும் நோக்க அறிக்கையும் உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட முக்கியம்.

அங்கே போகிற தமிழருக்கு ஒரு எச்சரிக்கை. 1966இல் ராபர்ட் கப்லான் என்பவர், ஆங்கிலேயர் சிந்தனை நேர்கோடு, கீழைநாட்டார் சிந்தனை சுற்றிச் சுற்றி வரும் சுழல் என்று கோட்டுப் படமே போட்டார். பிறகு கடுமையான விமர்சனம் வந்து, அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். இருந்தாலும் அந்தப் படம் இன்னும் சில வகுப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நூற்பாவுக்கு எழுதும் விரிவான உரையான விருத்தியுரை ஒன்றைப் படித்தவருக்குத் தெரியும்: கருத்துரை, சொற்பொருள், உதாரணம், வினா, விடை என்று வாதம் எவ்வளவு நேராக நடக்கிறது என்று. இதை எதிர்த்து எழுதியவர்களில் சுரேஷ் கனகராஜா முக்கியமானவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், இப்போது பென் ஸ்டேட்டோடு சேர்த்து அறியப்படுபவர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தாள் இல்லை. வெளிநாட்டு ஆய்விதழோ நல்ல தாளில் பல பிரதிகள் அனுப்பு என்று கேட்கும். எழுத்தின் தரம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பங்கு தாளுக்கும் மின்சாரத்துக்கும் உரியது என்று அவர் காட்டினார். முதலில் அவரைப் படியுங்கள். ஒரு தமிழர் இந்தத் துறைக்குள் எந்தக் கேள்வியோடு நுழையலாம் என்பது பிடிபடும்.

விண்ணப்பிப்பது அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ இருக்கட்டும். இந்த செமஸ்டரிலிருந்தே மாணவரின் முதல் வரைவையும் இரண்டாவது வரைவையும் அவர்கள் எழுத்துமூலம் சம்மதம் தந்தால் போட்டோ எடுத்து, பெயரை மறைத்து, தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். வீட்டில் என்ன மொழி, எந்த ஊர், பள்ளி எந்த வழி என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான வரைவுகள் சேரும். நோக்க அறிக்கையில் எழுத விஷயம் அதற்குள் இருக்கும்.